வேலிக்குள் எண்பத்தாறு சதவீதம்

நான் புல் எண்ணுகிறவள். சிரிக்க வேண்டாம், இது அரசாங்க உத்தியோகம். ஆண்டுக்கு இரண்டு முறை, மழைக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை, மீட்டருக்கு மீட்டர் இரும்புச் சதுரம் ஒன்றைத் தரையில் வைத்து, அதற்குள் எத்தனை வகைச் செடி, எத்தனை பங்கு புல், எத்தனை பங்கு வெறும் மண் என்று குனிந்து பார்த்து எழுதுவேன். பத்தொன்பது ஆண்டுகளாக எழுதுகிறேன். இடுப்பு போனதுதான் மிச்சம்.

எங்கள் மேய்ச்சல் நில ஆய்வு நிலையம் என்பது இரண்டு அறை, ஒரு தகரக் கூரை, ஒரு மின்விசிறி. விசிறி அதிகாரியின் மேசைக்கு மேலே சுழலும். அதன் காற்று என் மேசைக்கு வந்து சேருவதற்குள் களைத்துப் போய்விடும். சுவரில் வானத்திலிருந்து எடுத்த பெரிய படம் ஒன்று உண்டு. வேலிக்குள் இருக்கும் நானூறு ஏக்கர் அதில் பச்சைப்பசேல் என்றும், வெளியே ஆடு மேய்கிற நிலம் பழைய சாக்கு நிறத்திலும் இருக்கும். யார் வந்தாலும் அதிகாரி முதலில் அந்தப் படத்தின் முன்னால்தான் நிறுத்துவார். "பாத்தீங்களா? வேலி போட்டா நிலம் பொழைக்குது" என்பார். வந்தவர்கள் தலையாட்டுவார்கள். அத்தனை உயரத்திலிருந்து பார்த்தால் எல்லாப் பச்சையும் ஒரே பச்சையாகத்தான் தெரியும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் சதவீதம். வெயில் அறுபது சதவீதம் குறைந்திருக்கிறது என்பார். டீ நாற்பது சதவீதம் ஆறிப்போய்விட்டது என்பார். வீட்டில் மனைவியின் கோபத்துக்கும் ஒரு சதவீதம் வைத்திருப்பார் என்று நினைக்கிறேன். மூன்று ஆண்டுக்கு முன் மாற்றலாகி வந்தவர், நிலத்தை ஜீப் சன்னல் வழியாகத் தவிர வேறு எப்படியும் பார்த்ததில்லை. செருப்பில் மண் ஒட்டினால் ஆய்வின் தூய்மை கெட்டுவிடும் என்கிற மாதிரி நடந்துகொள்வார். ஆனால் என் எண்கள் என்றால் அவருக்கு உயிர். "வேலிக்குள்ள புல்லு எண்பத்தாறு சதவீதம்!" என்று தொலைபேசியில் யாரிடமாவது சொல்லிக்கொண்டே இருப்பார்.

அந்த எண்பத்தாறை வைத்து அவர் ஒரு திட்டம் போட்டிருந்தார். நானூறு ஏக்கர் வேலியை இழுத்து, வெளி நிலம் முழுவதையும் வளைத்துவிடுவது. மேய்ச்சல் அனுமதி எல்லாவற்றையும் நிறுத்திவிடுவது. மூன்று வாரத்தில் தலைநகரத்திலிருந்து மூன்று பேர் கொண்ட குழு வரும், பார்க்கும், கையெழுத்துப் போடும். நிறுத்தப்படப்போகும் அனுமதிகளில் ஒன்று என் அக்கா வீட்டுடையது. நூறு செம்மறி, அறுபது வெள்ளாடு. அதை விட்டால் அக்காவுக்கும் அத்தானுக்கும் வேறு பிழைப்பு கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் அத்தான் தொடங்கிவிடுவார். அவருக்கு என்னைச் சீண்டாமல் சாப்பாடு இறங்காது.

"என்ன மச்சினி, உன் வேலிக்குள்ள புல்லு எப்படி இருக்கு? பாட்டுப் பாடுதா?"

"எண்பத்தாறு சதவீதம் இருக்கு, அத்தான்."

"பொய்யி. உள்ள இருக்குறது பூராவும் முள்ளு. வேலி ஓரமா தெனமும் நடக்குறவன் நான். எனக்குக் கண்ணு இல்லையா?"

"நீங்க ஓரத்துல நடக்குறீங்க. நான் உள்ள போய் நாப்பது எடத்துல எண்ணுறேன். நீங்க பாத்தது, நான் எண்ணுனது. எது பெருசு?"

இந்த இடத்தில் அவர் வாயடைத்துப் போவார். எனக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. பத்தொன்பது ஆண்டில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை இப்படி வென்றிருப்பேன் என்பதை மட்டும் எண்ணிப் பார்த்ததில்லை. போதாக்குறைக்குக் கடைசி அடியையும் கொடுப்பேன். "மொதல்ல உங்க தண்ணித் தொட்டியச் சுத்திப் பாருங்க. உள்ளங்கை மாதிரி வழிச்சு வச்சிருக்கீங்க. ஆடு தொடாத கசப்புச் செடி மட்டும்தான் நிக்குது. ஊருல இருக்குற மந்தை மொத்தத்தையும் ஒரே எடத்துல நிறுத்துனா மண்ணு என்ன பண்ணும்?" அது உண்மை என்பது அவருக்கும் தெரியும். கை கழுவ எழுந்துவிடுவார்.

அந்த ஞாயிறு அக்கா நடுவில் புகுந்தாள்.

"ரெண்டு பேரும் நிறுத்துங்க. ஏய், குழு வருதாமே, உன் எண்ண வச்சுத்தான் முடிவு பண்ணுவாங்களாமே. நாங்க எங்கடி போவோம்?"

"நான் என்னக்கா செய்ய? இருக்குறதத்தான் எழுதுறேன். நானா எதையும் சேக்கல."

நானாக எதையும் சேர்க்கவில்லை. அது சத்தியம். விட்டது என்ன என்று அக்காவுக்குக் கேட்கத் தெரியவில்லை, எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

குழு வருவதற்குப் பதினைந்து நாள் இருக்கும்போது கடைசி எண்ணிக்கைக்காகச் சதுரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலிக் கதவைத் திறந்தேன். காலை எட்டு மணி. அத்தான் தொரட்டிக் கோலோடு ஓடி வந்தார். சினை வெள்ளாடு ஒன்று கம்பி இடுக்கில் நுழைந்து உள்ளே போய்விட்டதாம்.

"உள்ள யாரையும் விடக்கூடாது, அத்தான். விதி."

"விதிய நீ வச்சுக்கோ, என் ஆட்ட எங்கிட்ட குடு."

சினை ஆடாயிற்றே என்று உள்ளே விட்டேன். சத்தம் கிழக்குப் பக்கமிருந்து வந்தது. அங்கே முள் ஆளுயரத்துக்கு மேலே அடர்ந்து நின்றது. அத்தான் தொரட்டியால் இழுத்து வளைத்து வழி செய்துகொண்டே போனார். நான் பின்னால், புடவையை ஒவ்வொரு அடிக்கும் விடுவித்துக்கொண்டு. நடுவில் அவர் கோல் எதிலோ பட்டு டங் என்றது. வெள்ளைச் சாயம் அடித்த இரும்புக் குச்சி. அதில் எண் எழுதியிருந்தது.

"இது என்னது?"

"பதினேழாம் புள்ளி." யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

"இங்கயா எண்ணுற நீ?"

"ஆமா."

"இதுக்குள்ள உன் சதுரத்த எப்படி வைப்ப?"

"வைக்க முடியாது. அதனால நகத்தி வைப்பேன். சதுரம் தரையில படியலன்னா பக்கத்துல தகுந்த எடமா பாத்து வைக்கணும்னு கையேட்டுலயே இருக்கு."

"பக்கத்துலன்னா?"

கையை நீட்டிக் காட்டினேன். அறுபது எழுபது அடி தள்ளி ஒரு வெட்டவெளி. அதில் புல்.

"சரி. பதினெட்டாம் குச்சி எங்க?"

"அதோ, அந்தப் புதருக்குள்ள."

"அதுக்கு எங்க வைப்ப?"

"அதுக்கும்... அங்கதான்."

"பத்தொம்பது?"

நான் தோளிலிருந்த சதுரத்தை இறக்கி வைத்தேன். அத்தான் என் முகத்தையே பார்த்தார். பிறகு அந்த வெட்டவெளியைப் பார்த்தார். பிறகு குச்சியைப் பார்த்தார். மனிதர் மெதுவாகப் புரிந்துகொள்கிறவர், ஆனால் புரிந்துகொண்டால் விடமாட்டார்.

"அப்ப முள்ளு இருக்குற எடத்துல எண்ண மாட்ட. முள்ளு இல்லாத எடமா தேடிப் போய் எண்ணுவ. எண்ணிட்டு உள்ள முள்ளே இல்லன்னு எழுதுவ. அத வச்சு என் வாய அடைப்ப."

சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வரும் வரை சிரித்தார். நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவருக்குக் கை கால் ஓடவில்லை.

"ஏய், ஏய், என்ன, முள்ளு குத்திடுச்சா?"

குத்தியதுதான், ஆனால் காலில் இல்லை. எப்படி நடந்தது என்று அங்கேயே உட்கார்ந்து யோசித்தேன். அந்தக் கையேட்டு விதி பாறைக்கும் பள்ளத்துக்கும் எழுதியது. முதல் மூன்று ஆண்டு நான் எதையும் நகர்த்தவில்லை. அப்போது உள்ளே முழங்கால் உயரப் புல், பன்னிரண்டு வகை. பார்த்தாலே கண் குளிரும். நாலாவது ஆண்டு ஒரு குச்சியின் மேல் முழ உயரத்தில் ஒரு முள் செடி. கையில் கீறியது, ஒரு அடி நகர்த்தி வைத்தேன். அடுத்த ஆண்டு இரண்டு அடி. வெளியே வெள்ளாடு அந்த முள்ளை முளைக்கும்போதே கடித்துத் தீர்த்துவிடும். உள்ளே கடிக்க ஆளில்லை. புல்லையும் எதுவும் தின்னாததால் பழைய தண்டு சாம்பல் நிறத்தில் அப்படியே நின்று, அடியில் புதுத் துளிர் வெளிச்சம் காணாமல் செத்தது. அந்த இடத்தில் முள் ஏறியது. முள் ஒரு அடி வந்தால் நான் ஒரு அடி விலகினேன். அவ்வளவு மரியாதை. கடைசியில் நாற்பது புள்ளிக்கான சதுரமும் பதினோரு வெட்டவெளிக்குள் சுற்றிச் சுற்றி விழுந்துகொண்டிருந்தது. அந்தப் பதினோரு இடத்துப் புல்லை எனக்கு முகம் பார்த்துத் தெரியும். இது எல்லாம் எனக்குத் தெரியாது என்று சொன்னால் பொய். தெரியும். சேர்த்து வைத்து நினைத்துப் பார்த்ததில்லை.

நான் இப்படி மூக்கைச் சிந்திக்கொண்டிருக்க, தேடி வந்த ஆடு பத்தடி தள்ளி, பின்னங்காலில் நின்று, முன்னங்காலைக் கிளையில் போட்டு, முள் மரத்தின் இளந்துளிரை நிதானமாக மென்றுகொண்டிருந்தது. எங்கள் நிலையத்தின் பத்தொன்பது ஆண்டு ஆய்வையும் அது ஒரு வாய் தின்று காட்டியது.

அடுத்த நான்கு நாள் அத்தானின் தொரட்டியைக் கடன் வாங்கிக்கொண்டு போனேன். குச்சி எங்கே நிற்கிறதோ அங்கேயே சதுரத்தைச் சொருகினேன். இரண்டு கையும் கீறல். நாற்பதில் இருபத்தொன்பது புள்ளி முள்ளுக்குள். மொத்தத்தில் உயிருள்ள புல் பத்தொன்பது சதவீதம், வகை ஐந்து. வெளியே, ஆடு மேய்கிற நிலத்தில், நாற்பத்தொன்று முதல் எண்பது வரையான புள்ளிகளில், புல் முப்பத்தெட்டு, சின்னச் சின்னச் செடியோடு சேர்த்துப் பதினான்கு வகை. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி மட்டும் சுழியம். உள்ளே, வெளியே இரண்டையும் ஒரே தாளில் எழுதி அதிகாரியின் மேசையில் வைத்தேன்.

சதவீதத்தின் முகத்தில் ஈயாடவில்லை. விசிறியை இன்னும் வேகமாக வைத்தார்.

"இதெல்லாம் இப்ப எதுக்கும்மா? ஒரு பத்து நாள் கழிச்சுச் சொல்லியிருக்கலாமே."

"பத்து நாள்ல குழு வந்துட்டுப் போயிடும், சார்."

"அதத்தான் சொல்றேன்." தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் நல்ல செய்தி எதுவும் இருக்குமோ என்று. "எல்லா ஆய்வுலயும் ரெண்டு மூணு சதவீதம் பிழை இருக்கும்."

"இது அறுபத்தேழு, சார்."

"உங்க அத்தானுக்கு ஆடு இருக்கு இல்ல?"

"இருக்கு. எண்பத்தாறுன்னு எழுதினப்பவும் இருந்துச்சு. அப்ப நீங்க கேக்கல."

அவர் தாளை மேசையில் வைத்தார். சட்டென்று பத்து வயது கூடிய மாதிரி இருந்தது. பாவமாகக்கூட இருந்தது. அந்த எண்ணை நம்பித்தான் அவர் அத்தனை பேரிடம் வாய் கிழியப் பேசியிருக்கிறார். அதைக் கொடுத்தவள் நான். ஆனாலும் பழைய தாளைத்தான் குழுவுக்கு வைப்பேன் என்றார். புதிய தாளை இழுப்பறையில் போட்டு மூடினார்.

குழு வந்தது. இரண்டு ஆண்கள், ஒரு தலைவி. ஆண்கள் வந்ததிலிருந்து சாப்பாடு எத்தனை மணிக்கு என்பதிலேயே குறியாக இருந்தார்கள். தலைவி அப்படியில்லை. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி ஒவ்வொரு வரியும் படித்தாள். நல்ல பெண்மணி, நேர்மையானவள். கெட்டவளாக இருந்திருந்தால் எங்களுக்கு இவ்வளவு சேதம் வந்திருக்காது.

அதிகாரி எண்பத்தாறைத் திரையில் போட்டார். அறையில் பாராட்டும் முனகல். நான் எழுந்து நின்றேன். அக்காவின் முகத்தை நினைத்துக்கொண்டேன்.

"மேடம், அந்த நம்பர் தப்பு. தப்பு பண்ணுனவ நான்தான்."

சதுரத்தை எப்படி நகர்த்தினேன், எத்தனை ஆண்டு, எத்தனை அடி, எதையும் மறைக்காமல் சொன்னேன். சாப்பாட்டு ஆண்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். தலைவி எழுந்தாள். "நேர்ல காட்டுங்க" என்றாள். காட்டினேன். பதினேழாம் குச்சிக்கு முப்பது அடி முன்னாலேயே முள் அவள் செருப்பைத் துளைத்து உள்ளே போனது. நின்ற இடத்திலேயே ஒற்றைக் காலில் என் தோளைப் பிடித்துக்கொண்டு அதைப் பிடுங்கினாள்.

"பதினாறு வருஷமா?" என்றாள்.

"ஆமா, மேடம்."

"இத எழுந்து சொல்றதுக்கு தைரியம் வேணும். ரொம்ப நன்றி."

கைகுலுக்கினாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அவர்கள் வண்டி ஏறியதும் முதல் வேலையாக அக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். "இனி பயப்படாத. எல்லாத்தையும் சொல்லிட்டேன். வேலி வராது" என்றேன். அக்கா அழுதாள். பின்னாலிருந்து அத்தான், "முள்ளுன்னு ஒத்துக்கிட்டாங்களா? எழுதிட்டாங்களா?" என்று கத்துவது கேட்டது. அவருக்கு ஆட்டைவிட அதுதான் முக்கியம் போலிருக்கிறது.

ஆறாம் நாள் ஆணை வந்தது. ஒன்றரைப் பக்கம். கடந்த பத்தொன்பது ஆண்டு முடிவுகள் நம்பத் தகுந்தவை அல்ல என்பதால் அனைத்தும் ரத்து. அவற்றின் அடிப்படையில் பிறப்பிக்கப்பட்ட ஆணைகளும் ரத்து. வேலியை நீட்டும் திட்டம் கைவிடப்படுகிறது. அப்பாடா என்று அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். இனி சரியான அடிப்படை அளவு ஐந்து ஆண்டுக்கு எடுக்கப்பட வேண்டும். மேய்ச்சல் நடந்தால் அந்த அளவு கலங்கிவிடும். ஆகவே நாற்பத்தொன்று முதல் எண்பது வரை புள்ளிகள் அடங்கிய வெளி நிலம் முழுவதும் ஐந்து ஆண்டுக்குக் கால்நடைகளுக்கு மூடப்படுகிறது. ஏழு நாளில் மந்தைகள் வெளியேற வேண்டும்.

மேய்ச்சல் நிலத்தில் மேய்ச்சலை அளக்க, மேய்ச்சலை நிறுத்துகிறார்கள். எந்தத் தலையில் இது உதித்ததோ, அந்தத் தலைக்கு ஒரு கும்பிடு.

அக்கா நேராக அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். வாசலில் நின்றபடியே கேட்டாள், நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல.

"நீ பொய் எழுதுன, எங்கள வெளிய போகச் சொன்னாங்க. இப்ப நெஜத்தச் சொன்ன, அப்பவும் வெளிய போகத்தான் சொல்றாங்க. அப்புறம் என்னத்துக்குடி சொன்ன? உன் மனசு லேசாகுறதுக்கா?"

"அக்கா..."

"பத்தொம்பது வருஷமா என் சாப்பாட்டத் தின்னுட்டு என் புருஷனப் பொய்யன்னு சொன்ன. அந்த ஆளு வேலி ஓரமா நின்னு கத்துனாரே, ஒரு தடவை திரும்பிப் பாத்தியா? ஊருக்கெல்லாம் சொன்னியே, மொதல்ல அவருகிட்ட மன்னிப்புக் கேட்டியா?"

கேட்கவில்லை. முள்ளுக்குள் உட்கார்ந்து அழுதேனே தவிர, கேட்கவில்லை. அழுதால் கேட்ட மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன். அக்கா போய்விட்டாள். அதற்குப் பிறகு நான் கூப்பிட்டால் எடுக்கவில்லை. அத்தான் நூற்றுப் பத்து கிலோமீட்டர் தள்ளி யாரோ ஒருவரின் தரிசு நிலத்தில் இடம் கேட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். வழியில் தண்ணீர் கிடையாது. சினை ஆடுகள் இருபதுக்கு மேல். அந்த நடையில் பாதி மந்தை போய்விடும் என்பது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

சாயங்காலம் ஆணையை எடுத்து மறுபடி படித்தேன். கோபத்தில் படித்தேன், யாரைத் திட்டலாம் என்று. எழுதியவன் ஒவ்வொரு புள்ளியாக எண் போட்டு மூடியிருந்தான். நாற்பத்தொன்று முதல் எண்பது வரை. ஒன்று முதல் நாற்பது வரை, அதாவது வேலிக்குள், ஒரு வார்த்தை இல்லை. அதை மூட வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது, அது எப்போதும் மூடித்தானே கிடக்கிறது.

பழைய கோப்பை எடுத்தேன். வேலி முதலில் போட்டது ஐந்து ஆண்டுச் சோதனைக்கு. அந்த ஐந்து முடிந்து பதினான்கு ஆண்டு ஆகிறது. பிறகு மூன்று தடவை நீட்டித்தார்கள். மூன்றும் என் முடிவுகளின் அடிப்படையில். என் முடிவுகள் ரத்து. அவற்றின் அடிப்படையில் வந்த ஆணைகளும் ரத்து என்று தலைவியின் கையெழுத்தே இருக்கிறது. மூன்று தடவை விரல் வைத்துப் படித்தேன். பிறகு அதிகாரியிடம் கொண்டுபோனேன்.

"சார், வேலிக்குள்ள ஆடு போகக்கூடாதுன்னு இப்ப எந்த ஆணை இருக்கு?"

"இருக்குமே. இல்லாம எப்படி?"

இரண்டு நாள் அலமாரியைக் கவிழ்த்துப் போட்டுத் தேடினார். சட்டையெல்லாம் தூசி. வந்த நாளிலிருந்து அவர் உடம்பில் ஒட்டிய முதல் அழுக்கு அதுதான். மூன்றாம் நாள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"இல்ல. மேலிடத்துக்கு எழுதிக் கேக்கணும். பதில் வர ஆறு மாசம் ஆகும்."

"அதுவரைக்கும், சார்?"

சுவரில் இருந்த பச்சைப் படத்தை வெகுநேரம் பார்த்தார். சதவீதம் எதுவும் சொல்லவில்லை.

"அதுவரைக்கும் எங்கிட்ட எதுவும் கேக்காதீங்க" என்றார்.

ஏழாம் நாள் காலையில் வேலிக் கதவருகே போய் நின்றேன். மந்தை சாலையில் வந்துகொண்டிருந்தது. முன்னால் அத்தான், தோளில் மூட்டை. என்னைப் பார்த்தும் பார்க்காதவர் போலத் தாண்டப் போனார். குறுக்கே போய் நின்றேன்.

"அத்தான், உள்ள முள்ளுதான் இருக்கு. நீங்க சொன்னது சரி. நான் சொன்னது தப்பு. பத்தொம்பது வருஷம் உங்கள வாய மூட வச்சேன். மன்னிச்சிடுங்க."

"சரி, சரி, வழிய விடு. வெயிலுக்கு முன்னாடி போகணும்."

"போக வேணாம். உள்ள கொண்டாங்க."

விஷயத்தைச் சொன்னேன். நம்பவில்லை. ஆணையை எடுத்துக் காட்டினேன். அவருக்கு அந்த மொழி புரியவில்லை, எனக்கே அரைகுறைதான். கதவைத் திறந்து காட்டினேன். அது புரிந்தது.

"எத்தன நாளைக்கு?"

"ஆறு மாசம். அவங்க வேகத்துக்கு ஒரு வருஷம்னு வச்சுக்கோங்க."

அத்தான் உள்ளே எட்டிப் பார்த்தார். அவர் மூளை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. "வெள்ளாட்ட மொதல்ல முள்ளுக்கு விடணும். காய் பழுக்குறதுக்குள்ள முடிக்கணும், இல்லன்னா தின்னு தின்னு வெதைய நெலம் பூரா போட்டுடும். செம்மறி இந்தக் காஞ்ச புல்ல மோந்துகூடப் பாக்காது. ஆனா மிதிச்சுப் போடட்டும், மழை வந்தா புதுசு வரும்."

"தண்ணிக்கு ஒரே எடத்துல நிறுத்தக் கூடாது, அத்தான். பிரிச்சுப் பிரிச்சு விடணும்."

"சரி" என்றார். எதிர்த்து ஒரு வார்த்தை இல்லை. எனக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று சந்தேகம் வந்துவிட்டது.

வெள்ளாடுகள் முண்டியடித்து உள்ளே பாய்ந்தன. செம்மறிகள் தயங்கித் தயங்கிப் பின்னால் போயின. நூற்று அறுபது உருப்படியும் போன பிறகு, கடைசியாக அக்கா வந்தாள். கையில் அன்று காலையில் பிறந்த குட்டி, இன்னும் ஈரம் காயவில்லை. ஒரு வாரமாக என்னிடம் பேசாதவள். கதவுக்கு அருகே வந்து நின்றாள். என் கைக் கீறல்களைப் பார்த்தாள்.

"இதப் புடி" என்று குட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு உள்ளே போனாள். நாலடி போய்த் திரும்பினாள்.

"என்ன அங்கயே நின்னு முழிக்கிற? கதவச் சாத்திட்டு உள்ள வா. எவனாவது பாத்துத் தொலைக்கப் போறான்."

நான் உள்ளே போய், உள்பக்கமாகப் பூட்டினேன்.